டிக்கெட்டின் மறுபக்கம் இருப்பவர்

அன்புள்ள அக்காவுக்கு,

துகள் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாவது வருடம். பகுப்பாய்வு முழுவதும் கிரிட்டில்தான், அதாவது பல நாடுகளின் கணினி மையங்களை இணைத்த வலைப்பின்னலில். ஆயிரம் ஜாப் (கணினிக்குக் கொடுக்கும் தனித்தனி வேலை) அனுப்பினால் எண்பது தொண்ணூறு தோற்றுவிடுகிறது, பெரும்பாலும் அந்த மையங்களில் ஒரே சிறிய தளத்தில். டிக்கெட் (கோளாறு பற்றிய புகார்ப் பதிவு) போட்டு நான்கு நாளாயிற்று. அங்கே யாரோ தூங்கிக்கொண்டிருப்பதால் என் ஆய்வு நிற்கிறது. நாற்பது நாடுகளில் இப்படிச் சிதறடித்து வைப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் பெரிய மையமாகக் கட்டியிருக்கலாமே? அல்லது கிளவுடை வாடகைக்கு எடுத்தால் போதாதா? கிரிட்டுக்கு நான் யார் என்று காட்டும் மின்னணுச் சான்றிதழ் வாங்க ஒரு வாரம், அதை எங்கள் சோதனையின் கூட்டுக்குழுவில் பதிவு செய்ய இன்னொரு வாரம். இதில் எதுவும் இயற்பியல் இல்லை. இவ்வளவு நேரத்தைக் கணினியில் கொட்டுகிறவன் நல்ல இயற்பியலாளன் ஆக முடியுமா? இல்லை, பேசாமல் கணினிப் பக்கமே போய்விடலாமா?

க.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் பழைய மின்னஞ்சல்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். 2009-இல் நான் எழுதிய ஒரு டிக்கெட் பதில் கையில் சிக்கியது. படித்து முடிப்பதற்குள் முகம் சூடாகிவிட்டது. மறுநாள் காலை உங்கள் கடிதத்தைத் திறந்தால், "அங்கே யாரோ தூங்கிக்கொண்டிருப்பதால்" என்று இருக்கிறது. அந்த "யாரோ"வாகப் பதினோரு வருடம் இருந்தவள் நான். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

கிளவுட் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். சில வாரங்களுக்குக் கூடுதல் கணினி வேண்டுமென்றால் வாடகைக்கு எடுப்பது சரிதான். சோதனைக் குழுக்களே அப்படிச் செய்து பார்த்திருக்கின்றன. வருடம் முழுக்க இரவும் பகலும் லட்சக்கணக்கான கோர்கள் (செயலி அலகுகள்) ஓடுகிற வேலைக்கு, அதுவும் தரவை வெளியே எடுக்கும்போதெல்லாம் காசு கேட்கும் இடத்தில், கணக்கே வேறு. அவ்வளவுதான்.

ஒரே இடத்தில் ஏன் கட்டவில்லை என்றால், கட்ட யாரும் பணம் தந்திருக்க மாட்டார்கள். எந்த அரசாங்கமும் தன் பல்கலைக்கழகத்தில் கணினி வாங்கப் பணம் ஒதுக்கும். அங்கே மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள், பொறியாளர்கள் உருவாவார்கள். ஜெனீவாவில் ஒரு கட்டடத்தைப் பெரிதாக்க வருடாவருடம் காசோலை அனுப்பு என்றால் எத்தனை பேர் அனுப்புவார்கள்? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் துகள் மோதல் எந்திரமான லார்ஜ் ஹேட்ரான் கொலைடரில் புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அதில் மிகச் சிறு பகுதியை மட்டும் வடிகட்டி வைத்தும், 2017 ஜூனில் காந்த நாடாக்களில் தரவைச் சேமிக்கும் செர்னின் நாடா நூலகம் 200 பெட்டாபைட்டை (20 கோடி ஜிகாபைட்) தாண்டிவிட்டது. இதை ஒரு நிறுவனம் மட்டும் தாங்காது என்பது எந்திரம் ஓடுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இன்று மொத்தக் கணிப்புத் திறனில் செர்னின் சொந்தப் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். மீதி எல்லாம், நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த நாற்பது சொச்சம் நாடுகளின் 170 தளங்களில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் தைபேயிலிருந்த டியர்-1 மையத்தின் (செர்னுக்கு அடுத்த நிலையில் உள்ள பெரிய மையம்) மின்சார அறையில் தீப்பிடித்தது. 2017 நவம்பர் 9 அதிகாலையில் பொலோன்யா நகரில் தெருவுக்கு அடியில் ஓடிய பெரிய தண்ணீர்க் குழாய் வெடித்து, இத்தாலியின் டியர்-1 மையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. மின் அறை மூழ்கியது, கணினிகளை அடுக்கும் ரேக்குகளின் கீழ்த்தட்டுகள் மூழ்கின, நாடாக்களில் சில நனைந்தன. மாதக்கணக்கில் அந்த மையம் எழுந்திருக்கவில்லை. கொலைடரின் மூலத் தரவுக்கு ஒரு பிரதி செர்னிலும், இன்னொன்று டியர்-1 மையங்களில் பிரித்தும் வைக்கப்படுகிறது. அதனால் அங்கே நனைந்தது வேறோர் இடத்தில் காய்ந்தபடி பத்திரமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது சான்றிதழைப் பற்றி.

1990களின் கடைசியில் கணினி விஞ்ஞானிகள் இயான் ஃபாஸ்டரும் கார்ல் கெசல்மனும் கிரிட் என்ற யோசனையை முன்வைத்தபோது, மின்சாரக் கட்டமைப்பை உவமையாகச் சொன்னார்கள். சுவரில் பிளக்கைச் செருகினால் மின்சாரம் வருவதுபோல, கணிப்புத் திறனும் எங்கிருந்து என்று தெரியாமலே வரவேண்டும். கிரிட் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அந்த உவமை எனக்கு எப்போதும் உறுத்தியிருக்கிறது. ஒரு பிளக் உங்களை யார் என்று கேட்பதில்லை. மாதக் கடைசியில் கட்டணம் கட்டினால் உறவு முடிந்தது. கிரிட்டில் யாரும் யாருக்கும் கட்டணம் கட்டுவதில்லை. ஒவ்வொரு நாடும் வருடத்துக்கு இவ்வளவு கோர், இவ்வளவு டிஸ்க், இவ்வளவு நாடா தருகிறேன் என்று ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் கீழ் வாக்குக் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. தரவில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. தருகிறார்கள், தம்பி. இத்தனை வருடமாக, ஆட்சிகள் மாறியும் பட்ஜெட் சுருங்கியும், தந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஜாபைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய நிரல் அது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் உங்கள் வழிகாட்டிக்கும்தான் தெரியும். அது ஓர் இரவில் கடல் தாண்டிப் போய், உங்களை வாழ்நாளில் சந்திக்கப்போகாத ஒருவருடைய சர்வரில் ஏறி, அவருடைய மின்சாரத்தில் எட்டு மணி நேரம் ஓடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை உங்கள் மடிக்கணினியில் ஓடவிடுவீர்களா? மாட்டீர்கள். அவர் மட்டும் ஏன் விடுகிறார்?

அந்த ஒரு வாரம் தாமதமாக வந்ததே சான்றிதழ், அதனால்தான். அடையாள அட்டையோடு பதிவு அலுவலர் முன்னால் போய் நின்றீர்கள் அல்லவா? அட்டையில் இருந்த படத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாரே, அந்த ஒரு நிமிடத்தின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. அவர் பார்த்தேன் என்றார், சான்றளிக்கும் அமைப்பு கையொப்பமிட்டது. இப்படிப்பட்ட அமைப்புகள் எந்த விதிகளின்படி நடக்கவேண்டும் என்று ஐரோப்பா, ஆசிய பசிபிக், அமெரிக்கா ஆகிய மூன்று பகுதிகளின் குழுக்கள் 2005-இல் சேர்ந்து ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பை அமைத்தன. வருடத்துக்குப் பல முறை கூடி, ஒருவர் அமைப்பின் நடைமுறையை மற்றவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பார்கள். கையொப்பமிடும் சாவியை நெட்வொர்க்கில் இணைக்காத கணினியில் வைத்திருக்கிறாயா, பதிவேட்டை எத்தனை வருடம் காப்பாற்றுகிறாய், சாவி தொலைந்தது என்று தகவல் வந்தால் எத்தனை நேரத்தில் ரத்து செய்வாய் என்று. அலுப்பூட்டும் கூட்டங்கள்தான். அங்கே அப்படி அலுத்துப்போக ஆட்கள் இருந்ததால்தான், உங்கள் பெயரைக் கேள்விப்படாத தளம்கூடத் தன் வாசலைத் திறந்தது. இப்போது சான்றிதழ் போய் டோக்கன் (சிறிது நேரமே செல்லும் மின்னணு அனுமதிச் சீட்டு) வருகிறது. வரட்டும், வசதியாக இருக்கும். எந்த வடிவத்தில் வந்தாலும், எங்கோ ஒருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லியாகவேண்டும்.

இனி அந்த 2009 டிக்கெட்.

நான் அப்போது டியர்-1க்கும் அடுத்த நிலையான டியர்-2 தளம் ஒன்றில் இருந்தேன், சிறியது. ஆறு ரேக், இரண்டு பேர். இன்னொரு நாட்டுத் தளத்திலிருந்து எங்களுக்கு வரும் கோப்புகளில் சில, வந்து இறங்கியதும் சரிபார்ப்பில் தோற்றன. ஒவ்வொரு கோப்புக்கும் அட்லர்-32 என்ற ஒரு கணக்கின்படி எட்டு இலக்கக் குறி ஒன்று உண்டு. அனுப்பிய இடத்திலும் வந்த இடத்திலும் அது ஒன்றாக இருக்கவேண்டும். ஆயிரத்துக்கு ஐந்தாறு கோப்பில் இல்லை. எங்கள் மேல் டிக்கெட் விழுந்தது. "உங்கள் பக்க நெட்வொர்க்கில்தான் கோளாறு" என்று எழுதி மூடினேன். திரும்பத் திறந்தார்கள். மூடினேன். மூன்றாவது முறை இரவு ஒரு மணிக்கு, சலிப்பின் உச்சத்தில், "சரிபார்ப்பை அணைத்துவிட்டு அனுப்புங்கள், மற்ற தளங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லையென்றால் அது உங்கள் தூக்கக் கலக்கம்" என்று எழுதினேன். போன வாரம் என் கையில் சிக்கியது இந்த வரிதான்.

மறுபக்கம் இருந்தவர் கோபப்படவில்லை. "இன்று ஓர் இரவு கொடுங்கள்" என்று மட்டும் எழுதினார். எங்கள் டிஸ்க்கில் இருந்த கெட்ட பிரதிகளைத் தன் பக்கம் இழுத்து, நல்ல பிரதியோடு பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். 2 ஜிகாபைட் கோப்பில் ஒரே ஒரு பைட்தான் வேறு. காலையில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது. அந்த பைட்டின் மதிப்பு, கணினிக்காரர்கள் எழுதும் பதினாறடி எண்முறையில், அவர் பக்கம் 6எஃப், எங்கள் பக்கம் 4எஃப். அடுத்த கோப்பில் அவர் பக்கம் 61, எங்கள் பக்கம் 41. ஒரு பைட் என்பது எட்டு பிட், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஐந்து கோப்பிலும் அதே பிட், 1 இருக்கவேண்டிய இடத்தில் 0. "நெட்வொர்க் இப்படி ஒரே பிட்டைத் தேடித் தின்னாது. உங்கள் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டின் நினைவகத்தைப் பாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார். பார்த்தோம். அதேதான்.

நான் சொன்னபடி அவர் சரிபார்ப்பை அணைத்திருந்தால்? அந்தக் கார்டு வழியே போன கோப்புகளில் கெட்டவை எதுவும் சத்தமில்லாமல் பகுப்பாய்வுக்குள் போயிருக்கும். உங்களைப் போன்ற ஒரு மாணவர் தன் வரைபடத்தில் தெரிந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்திருப்பார்.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. முகம் தெரியாது, குரல் தெரியாது. சான்றிதழில் சாய்கோடுகளுக்கு இடையில் நாடு, நிறுவனம், பெயர் என்று வரும் ஒரு வரி உண்டே, அது மட்டும் மனப்பாடம். ஏழு வருடம் அந்த வரியோடு வேலை செய்தேன். பிறகு ஒருநாள் டிக்கெட்டுக்குப் பதில் வேறு பெயரில் வந்தது. ஓய்வு பெற்றுவிட்டாராம். மன்னிப்புக் கேட்டு எழுதினேனா என்று போன வாரம் முழுக்க மின்னஞ்சலில் தேடினேன். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. மன்னிப்பு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், "யாரோ தூங்குகிறார்" என்று இனி எழுதாதீர்கள். என்னிடம் எழுதியதோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். டிக்கெட்டிலும் அந்தத் தொனி வந்திருக்கும். சிறிய தளம் என்கிறீர்கள். அங்கே ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர் இருப்பார்கள். அதே ஆள்தான் ஏசி பழுதானாலும் ஓடவேண்டும், பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் இரவோடு இரவாகப் போடவேண்டும், வகுப்பும் எடுக்கவேண்டும். அவர் தளம் எத்தனை சதவீத நேரம் இயங்கியது என்று மாதாமாதம் எல்லாரும் பார்க்க அறிக்கை வரும். நீங்கள் குட்டுவதற்கு முன்பே அவர் தலையில் குட்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் ஆயிரத்தில் தொள்ளாயிரம் ஓடி முடிந்ததே, அவற்றை ஓட்டியவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா உங்களுக்கு? தோற்றபோது மட்டும் ஆள் இருப்பது நினைவுக்கு வருகிறது. வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன், உங்கள் வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் எதுவும் இயற்பியல் இல்லை என்கிறீர்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போஸான் அறிவிப்பு நாளில், அப்போதைய செர்ன் தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹாயர் இதைச் சாத்தியமாக்கியவை என்று மூன்றைச் சொன்னார். முடுக்கி, டிடெக்டர்கள், கிரிட். ஜூன் மாதம் வரை எடுத்த தரவை ஜூலை முதல் வாரத்தில் முடிவாகக் காட்ட முடிந்தது அந்த மூன்றாவதால்தான். உங்களுக்கு அவர் வார்த்தை போதும் என்று நினைக்கிறேன்.

கணினிப் பக்கம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வேட்டை முடியுங்கள், அப்புறம் பேசலாம்.

இன்றைக்குச் செய்யவேண்டியது வேறு. அந்த டிக்கெட்டைத் திறங்கள். தோற்ற ஜாப்களில் மூன்றின் எண், ஒவ்வொன்றும் நின்ற நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்), பிழைச் செய்தியின் கடைசி இருபது வரி, எந்தக் கணினியில் ஓடியது என்ற விவரம். மூன்றும் ஒரே கணினியில் தோற்றிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். அவர் பெயர் டிக்கெட்டில் இருக்கும். பெயர் சொல்லி ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அக்கா