அறுபதைக் கடந்து திருமணம் செய்துகொண்ட தம்பதியர் குளிர்காலத்தில் காரிலேயே உறவினர் வீடுகளுக்குச் சென்று வரலாமா?

இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் ஆகிறது, இருவருக்குமே இது இரண்டாவது திருமணம், பனி பொழியும் பருவத்தில் இரு பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கும் உடன்பிறந்தோர் வீட்டுக்கும் காரில் சென்று வர எண்ணுகிறோம், இது சரிப்பட்டு வருமா, யார் வீட்டுக்கு முதலில் செல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் திருமணமான முதல் குளிர்காலத்திலேயே அப்படி ஒரு பயணம் சென்று வந்தோம் என்பதால் பதில் எழுதுகிறேன். தாராளமாகச் செல்லலாம். ஆனால், எந்த வீட்டுக்கும் இன்ன நாளில் இன்ன நேரத்துக்கு வந்துவிடுவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டும் பலர் பனிப்புயலுக்குள் வண்டியை எடுப்பதற்குக் காரணம், அங்கே ஒருவர் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்ற நினைப்புத்தான். புதிதாக மணமான நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் கனமானது. முதல் முறையாக வருகிறோம், தாமதித்தால் வர விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஆகவே "வியாழனுக்கும் சனிக்கும் இடையில் வருவோம், புறப்படும்போது தொலைபேசியில் சொல்கிறோம்" என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்தோம். இருவரில் எவர் "இன்று வேண்டாம்" என்றாலும் வண்டியை எடுப்பதில்லை, காரணமும் கேட்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதியும் வைத்துக்கொண்டோம். என் கணவர் நன்றாக வண்டி ஓட்டுவார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு நாள் காலையில் நான் வேண்டாம் என்றதும் சாவியை மேசையில் வைத்துவிட்டு, நண்பகல்வரை என்னிடம் பேசாமல் செய்தித்தாளையே புரட்டிக்கொண்டிருந்தார். ஆயினும் விதியை மீறவில்லை. அவரைப் பற்றி அன்று நான் தெரிந்துகொண்டது அதற்கு முந்தைய மாதங்களில் தெரிந்துகொண்டதைவிட அதிகம்.

பகல் வெளிச்சத்தில் மட்டுமே ஓட்டுங்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணை எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவத்தில் சொல்வார்கள். எதிரே வரும் விளக்கின் கூசலிலிருந்து மீள்வதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குளிர்காலத்திலோ பகலே குறுகியது. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரப் பயணம் போதுமானது. அதிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால், காலின் ஆழத்தில் உள்ள இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விமானத்துக்கு மட்டுமன்றிக் காருக்கும் அது பொருந்தும். அடிக்கடி கழிவறை தேட வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் வயதில் பலருக்கும் உள்ள வழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

வண்டியைப் பற்றி மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். நான் இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைகிறது. குளிர்கால டயர் அப்போதும் மென்மையாக இருக்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறையும்போதெல்லாம் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கும் என்பதால் காலையில் புறப்படும் முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால், சாலை ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். பனியில் சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கத் தொடங்காதீர்கள். புகைபோக்கியை மூடியிருக்கும் பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டி, கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்துக் காத்திருங்கள். புகைபோக்கி அடைபட்டிருந்தால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்துவிடும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது மருந்து. நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைக்கு, மற்றவர் எந்த மாத்திரையை எப்போது விழுங்குவார், எது ஒவ்வாது என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நமக்கு அது தெரியாது. வழியில் ஒருவர் மயங்கிவிட்டால், மற்றவர் மருத்துவரிடம் சொல்ல ஒன்றுமின்றி நிற்க நேரும். ஆகவே ஒவ்வொருவரின் நோய்கள், மருந்துகள், அளவு, ஒவ்வாமை, பிள்ளைகளின் எண்கள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, ஒருவர் அட்டையை மற்றவர் வைத்துக்கொண்டோம். என் கணவர் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்கிறார் என்பதை நான் அறிந்ததே அந்த அட்டையை எழுதும்போதுதான். மறைத்தார் என்று சொல்ல முடியாது, அவருக்கு அது பல் துலக்குவதைப் போல அன்றாட வழக்கமாகிவிட்டது. இன்சுலின் எடுப்பவராக இருந்தால் அதை இரவில் வண்டியில் விட்டு வைக்காதீர்கள். ஒரு முறை உறைந்துவிட்ட இன்சுலினை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இனி வீடுகள். நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் வீட்டில் என் கணவருடைய மகன் எங்களுக்கு இரண்டு தனி அறைகளை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தந்தையிடம் எப்படிக் கேட்பது என்ற சங்கடம்தான் காரணம். இரண்டு அறைக் கதவுகளையும் திறந்து காட்டியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான்தான் சிரித்துக்கொண்டே, "ஒரே அறை போதும், தம்பி, உங்கள் அப்பாவின் குறட்டைக்குப் பழகிவிட்டேன்" என்றேன். அதன் பிறகு அவ்வீட்டில் பேச்சு எளிதாக ஓடியது. அடுத்த வீடுகளுக்கு இதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டோம்.

மறைந்த துணைவரைப் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். என் கணவருடைய முதல் மனைவியின் குறும்பு ஒன்றை நாத்தனார் விவரித்துக்கொண்டிருந்தவர், நான் அறைக்குள் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். நான் அருகில் அமர்ந்து, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார், என் கணவரே மீதியைச் சொல்லி முடித்தார். அந்தக் கதைகளைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. சொத்து, உயில் பற்றிய பேச்சு எழுந்தால், அதற்கெனத் தனியாகக் கூடிப் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். விருந்தாளியாக அமர்ந்துகொண்டு பேசும் பொருள் அன்று அது. எந்த வீட்டிலும் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்காதீர்கள், அவர்கள் வற்புறுத்தினாலும்கூட. நல்ல விருந்தாளி என்று பெயரெடுப்பதற்காக வாசல் பனியை அள்ளவும் முனைய வேண்டாம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும்போது அந்தக் கடும் உழைப்பு மாரடைப்பையே வரவழைக்கக்கூடும்.

யார் வீட்டுக்கு முதலில் செல்வது என்பதற்கு என் பதில், வரைபடத்தில் எது அருகில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு என்பதுதான். மூப்பு, முறை, பக்கம் என்று பார்க்கத் தொடங்கினால் முடிவே கிடைக்காது. பழியைச் சாலையின்மீது போட்டுவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. எங்கள் நாத்தனார்கூட, வழித்தடத்தைக் கைப்பேசியில் விரித்து விரித்துப் பார்த்த பிறகு, "சரி, போகட்டும்" என்று விட்டுவிட்டார்.