வீட்டுக்குள் செடிகளை வெறும் தண்ணீரிலேயே வளர்க்க முடியுமா? எனக்கு மட்டும் ஏன் அழுகிப்போகிறது?

முடியும். என் ஜன்னலோரத்து மணி பிளான்ட் இது ஆறாவது வருடமாக ஒரு பிடி மண்ணைக் கண்ணால் பார்க்காமல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் நான் கொன்ற செடிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியைப் படித்தபோது என் பழைய கதையையே யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. நீங்கள் மணி பிளான்டிலிருந்து ஒடித்து வைத்த இலைகள் மூன்று மாதமாக வாடவும் இல்லை, வளரவும் இல்லை. சட்டியிலிருந்து பிடுங்கி ஜாடிக்கு மாற்றிய பீஸ் லில்லி பத்தே நாளில் நாறிவிட்டது. இத்தனைக்கும் நீங்கள் தினமும் பாட்டிலின் வாய்வரை புதுத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறீர்கள்.

அந்த ‘வாய்வரை’ என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

சட்டியில் இருக்கும் செடிக்குத் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினால் வேர் அழுகிச் சாகிறது. அதே செடி பாட்டிலில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. இது எப்படி என்று நான் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. மண்ணில் வேரைக் கொல்வது ஈரம் அல்ல, மூச்சுத் திணறல். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் காற்று இருக்கும். அந்தச் சந்துகளையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. இலையைப் போல வேரும் சுவாசிக்கிற உறுப்புதான். பாட்டிலிலும் இதே பிரச்சினை உண்டு, இன்னும் மோசமாகவே உண்டு. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடியது சுமார் 9 மில்லிகிராம்தான். தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் அது ஏழரையாகக் குறையும். போதாததற்கு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. மேற்பரப்பில் கரைந்தது அடிவேரைப் போய்ச் சேருவதற்குள் வழியில் இருக்கிற மற்ற வேர்களும் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்த்துவிடும்.

இப்போது உங்கள் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். குறுகிய கழுத்து, அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நாலு தண்டு, கழுத்து விளிம்புவரை தண்ணீர். காற்று தொடுகிற மேற்பரப்பு ஒரு நாணயம் அளவுகூட மிஞ்சாது. அதே பாட்டிலில் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை மாதிரி விரிகிற இடத்தோடு நிறுத்தினால் மேற்பரப்பு பல மடங்காகிவிடும். தண்ணீர் குறைவு, காற்று அதிகம். நான் செய்த ஒரே பெரிய மாற்றம் இதுதான். அதற்கப்புறம் என் வீட்டில் வேர் கறுப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது.

வேர் பிடித்த செடிக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். வேர்த் தொகுதியின் மேல்பாதியைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் விட்டுவிடுங்கள். கீழ்ப்பாதி குடிக்கட்டும், மேல்பாதி சுவாசிக்கட்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் கீரை வகைகளை வளர்க்கும் முறையைப் பரப்பியது இந்த அடிப்படையில்தான். அதில் தண்ணீர் மட்டம் மெதுவாக இறங்க இறங்க வேர்கள் காற்றுக்குப் பழகிக்கொள்ளும். அப்படிப் பழகிய வேரை, ‘ஐயோ தண்ணீர் குறைந்துவிட்டதே’ என்று பதறி மறுபடி முழுக்கடித்தால் அது மூச்சுமுட்டிப் போகும். தினமும் வாய்வரை நிரப்பும்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், சரி, செடிக்கு அது தெரியாதே.

அடுத்து, மூன்று மாதமாக அசையாமல் நிற்கிற அந்த மணி பிளான்ட் இலைகள். அவற்றில் கணு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் இலைக்காம்பு வந்து சேருகிற இடம் கொஞ்சம் தடித்து, மோதிரம் போட்ட விரல் போலத் தெரியும். மணி பிளான்டில் அதன் எதிர்ப்பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் காற்றுவேர். இலையையும் காம்பையும் மட்டும் கிள்ளி வைத்தால் அது மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், சில சமயம் ஒன்றிரண்டு வேர்கூட விடும், ஆனால் தளிர் வரவே வராது. தளிர்விடும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது. நானும் இப்படி ஒரு ஒற்றை இலையை ஏறக்குறைய அரை வருடம் ‘வரும், வரும்’ என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிளாஸ்டிக் பூ மாதிரி, சாகவும் இல்லை, வாழவும் இல்லை.

வெட்டும்போது கணுவுக்கு ஒரு விரல் அகலம் கீழே, கூரான சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கையால் ஒடித்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் முதலில் அழுகும். ஒரு துண்டில் இரண்டு அல்லது மூன்று கணு இருந்தால் நல்லது. தண்ணீருக்குள் ஒரு கணுவாவது மூழ்க வேண்டும், ஆனால் ஒரு இலைகூட மூழ்கக் கூடாது. மூழ்கிய இலை நாலே நாளில் கொழகொழவென்று கரைந்து மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். மணி பிளான்டாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பழுப்பு முண்டிலிருந்து வெள்ளை நுனி எட்டிப்பார்க்கும். ஆரம்பத்தில் அதைத் தினமும் வெளியே எடுத்துப் பார்க்கிற ஆசை வரும். எடுக்காதீர்கள், அந்த நுனிகள் சேமியாவைவிட எளிதில் முறியும்.

பீஸ் லில்லி விஷயம் வேறு. அது மண்ணிலேயே பிறந்து வளர்ந்த வேர். தண்ணீருக்குள் முளைக்கிற வேர் பல செடிகளில் உள்ளுக்குள்ளேயே காற்றுக் குழாய்களோடு வளர்கிறது. மேலே தண்டிலிருந்து ஆக்சிஜன் அந்த வழியாகக் கீழே இறங்கும். மண்வேருக்கு அந்த வசதி இல்லை அல்லது குறைவு. அதனால் சட்டியிலிருந்து ஜாடிக்கு மாற்றும்போது பழைய வேரில் ஒரு பகுதி செத்தே தீரும், அதைத் தவிர்க்க முடியாது. செத்த வேர் அங்கேயே கிடந்து நாறி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. முதலில் மண் முழுவதும் போகக் கழுவ வேண்டும். நான் முதல் தடவை ‘கொஞ்சம் ஒட்டியிருந்தால் என்ன, சத்துதானே’ என்று விட்டேன். அந்தக் கொஞ்ச மண்ணும் மட்கும்தான் பாக்டீரியாவுக்கு விருந்தாகி ஒரு வாரத்தில் சாக்கடை வாடை வரவைத்தது. இரண்டாவது முறை வேரை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். பழுப்பாக, தொட்டால் தோல் உரிகிற வேர்களை வெட்டித் தள்ளினேன். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைகிற மாதிரி தண்ணீர் வைத்து, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினேன். நாலு இலை மஞ்சளாகி விழுந்தது, நான் பயப்படவில்லை. அடியிலிருந்து புதிதாக, தடிப்பாக, சுண்ணாம்பு வெள்ளையில் வேர் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் வாரம் ஒரு முறைக்கு மாறினேன்.

இதே காரணத்தால் எதிர்த் திசையிலும் அவசரப்படாதீர்கள். தண்ணீரில் ஒரு சாண் வேர் வளர்ந்தபின் மண்ணில் நட்டால் செடி சில வாரம் சோர்ந்து கிடக்கும். கடைசியில் மண்ணுக்குத்தான் போகப்போகிறது என்றால் வேர் இரண்டு அங்குலம் வந்ததுமே நட்டுவிடுங்கள்.

சாப்பாடு? தண்ணீர் சாப்பாடு அல்ல, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மறப்பதில் ஆச்சரியமும் இல்லை, பெரிய பெரிய ஆட்களே ஒரு காலத்தில் செடி முழுக்கத் தண்ணீரால்தான் ஆனது என்று நம்பினார்கள். 1699இல் ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாக் கொத்துகளை மழைத் தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர் என்று வெவ்வேறு தண்ணீரில் வளர்த்து எடை போட்டுப் பார்த்தார். சுத்தமான தண்ணீரைவிட, மண் கலந்த தண்ணீரில்தான் செடி நன்றாக வளர்ந்தது. பிறகு 1860களில் ஜெர்மன் விஞ்ஞானிகள் சாக்ஸும் நாப்பும் எந்தெந்த உப்பைக் கரைத்தால் மண்ணே தேவையில்லை என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டிலுக்கு அவ்வளவு தேவையில்லை. வேர் நன்றாக வந்தபின், திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு கலந்து மாதம் ஒரு முறை கொடுத்தால் போதும். யூரியா மட்டும் உள்ள உரம் வேண்டாம். யூரியாவைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித்தருவது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள், பாட்டிலில் அவை அந்த அளவுக்கு இருக்காது. நைட்ரேட் கலந்த உரம், மண்ணில்லா வளர்ப்புக்கென்றே விற்பது, சரியாக இருக்கும். வேர் வெள்ளையாக இருந்தும் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றனவா? அது பசி. புதுத் தளிருக்குக் கொடுக்கப் பழைய இலையிலிருந்து நைட்ரஜனை உருவிக்கொள்கிறது. வேர் பழுப்பாக வழவழத்து இலையும் மஞ்சளாகிறதென்றால் அது அழுகல், உரம் போட்டால் இன்னும் கெடும். எது எது என்று தெரியாமல் உரம் ஊற்றாதீர்கள்.

கொசு. இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மணி பிளான்ட் பாட்டில் என்றால் உயிர். அது சாக்கடையைத் தேடாது; வீட்டுக்குள், நிழலில், தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். நான் ஒரு முறை இரண்டு வாரம் வெளியே போய்விட்டு வந்து பார்த்தபோது ஜாடிக்குள் காற்புள்ளிகள் போலப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முட்டையை அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். நான் தண்ணீர் குறைவாக வைக்கச் சொல்வதால் அந்தச் சுவர் உங்கள் பாட்டிலில் இன்னும் அதிகமாகவே வெளியே தெரியும். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுவதோடு உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாயைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சோ வலைத்துணியோ அடைத்துவிட்டால் காற்றும் போகும், கொசுவும் போகாது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் அடைத்துவிட்டுப் போங்கள்.

பாசி பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். வெளிச்சமும் சத்தும் சேர்ந்தால் பச்சை படியும். கண்ணாடியை இருட்டாக்கினால் நின்றுவிடும். ஜோடி தொலைந்த காலுறை ஒன்றை நான் பாட்டிலுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன், அழகாகவும் இருக்கிறது, வேரைப் பார்க்க வேண்டுமென்றால் இறக்கிவிட்டுப் பார்க்கலாம். இருட்டில் வேரும் சீக்கிரம் வரும். நேர் வெயில் மட்டும் படவேண்டாம். பாட்டில் சூடேறினால் முன்னே சொன்ன ஆக்சிஜன் கணக்கு இன்னும் மோசமாகும்.

குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாய் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், அறையின் சூட்டுக்கும் வந்துவிடும். ஸ்பைடர் பிளான்டுக்கும் லக்கி பேம்பூவுக்கும் இலை நுனி கருகினால் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடும் காரணமாக இருக்கலாம், அது எத்தனை இரவு வைத்தாலும் போகாது, அவற்றுக்கு மழைத் தண்ணீர் நல்லது. லக்கி பேம்பூ மூங்கிலே இல்லை என்பது வேறு கதை, அது டிரசீனா இனம்.

ஆரம்பிக்க மணி பிளான்ட், சிங்கோனியம், இதய வடிவ பிலோடெண்ட்ரான், கோலியஸ் போதும். ஸ்னேக் பிளான்ட் இலையை வெட்டி ஒரு நாள் காயவைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் வேர்விடும், ஆனால் ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். மஞ்சள் ஓரம் உள்ள வகையாக இருந்தால் இலையிலிருந்து வரும் குட்டிக்கு அந்த ஓரம் இருக்காது. கள்ளியையும் சதைப்பற்றுள்ள மற்ற செடிகளையும் விட்டுவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் உயரமாக வையுங்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லி இரண்டின் இலையிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் துகள்கள் உண்டு, கடித்தால் வாயெல்லாம் எரியும்.

உங்கள் பீஸ் லில்லியை இன்னும் தூக்கிப் போடவில்லையென்றால் அதைக் குழாயடிக்கு எடுத்துப்போய் அடிக்கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அழுகிய வேரையெல்லாம் வெட்டிவிட்டு, கிழங்கின் அடி மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு அகலவாய் ஜாடியில் நிறுத்துங்கள். அழுத்தும்போது விரல் உள்ளே இறங்கினால், விட்டுவிடுங்கள், பக்கத்தில் குட்டி ஏதாவது பிரிந்து நிற்கிறதா என்று தேடுங்கள். என்னுடையது அப்படி ஒரு குட்டியிலிருந்து வந்ததுதான்.