கொசுவலை இருந்தால் போதுமா? குழந்தை உள்ள வீட்டு ஜன்னல்கள்: வாசகர் கேள்வி–பதில்

சிறு குழந்தைகள் உள்ள வீட்டின் ஜன்னல், பால்கனி குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கே: நான்காவது மாடி ஃபிளாட். ஹால் ஜன்னல் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங், 5 அடி அகலம், 4 அடி உயரம். மூன்றாவது டிராக்கில் கொசுவலை இருக்கிறது. மகனுக்கு ஒன்றரை வயது. வலை இருக்கும்போது கிரில் எதற்கு, வெளிச்சம்தான் குறையும் என்கிறார் கணவர். கிரில் போடுவதானால் எப்படிப் போட வேண்டும்?
— வாசகி, மேடவாக்கம்

ப: வலை தடுப்பது கொசுவை மட்டும்தான். சட்டத்தின் ஓரப் பள்ளத்தில் அழுத்திச் செருகிய ரப்பர் பீடிங்தான் அந்த வலையைப் பிடித்து வைத்திருக்கிறது. பத்து கிலோ எடையுள்ள குழந்தை நெற்றியையும் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்தால், ஒரு மூலையில் பீடிங் கழலும். அதன் பிறகு வலை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். வெயிலில் காய்ந்து விறைத்த பீடிங் என்றால் இன்னும் சுலபம். வெல்க்ரோ வலைக்கு அந்தப் பலமும் கிடையாது. வலை இருக்கிறதே என்ற தைரியத்தில் பெரியவர்கள் கண்ணாடியை முழுக்கத் திறந்து வைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

கிரில் போடுங்கள். பட்டறைக்காரரிடம் டிசைனைப் பேசுவதற்கு முன் இடைவெளியைப் பேசுங்கள். எந்த இரண்டு கம்பிக்கு நடுவிலும் 4 இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது. 3½ இன்ச் கேட்பது நல்லது. குழந்தையின் உடம்பு நுழையக்கூடிய சந்து, தலை மாட்டிக்கொள்ளக்கூடிய சந்து இரண்டுமே 4 இன்ச்சுக்கு மேல்தான் தொடங்குகின்றன. பூ, வளைவு என்று டிசைன் வைத்தால் சராசரியைப் பார்க்காமல் இருப்பதிலேயே பெரிய ஓட்டையை அளக்க வேண்டும். கிரில் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விடும் சந்தும் இதே கணக்கில் சேரும். அட்டையில் 4 இன்ச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அது எங்காவது நேராக நுழைந்தால் வேலையை ஏற்காதீர்கள்.

கம்பிகள் நெட்டுவாக்கில் இருக்கட்டும். நம் ஊரில் பட்டறையில் முதலில் காட்டும் மாதிரி பெரும்பாலும் குறுக்குக் கம்பி. அது குழந்தைக்கு ஏணி. ஜன்னல் முழு உயரத்துக்கும் கிரில் இருந்தால் வெளியே விழாது, ஆனால் மேலே ஏறி உள்பக்கம் டைல்ஸ் தரையில் விழும். பால்கனியில் பாதி உயரக் கைப்பிடிக்குக் குறுக்குக் கம்பி என்றால் ஏறியது வெளியே போய்விடும்; அங்கே அதை யோசிக்கவே வேண்டாம். 10 அல்லது 12 மி.மீ. ஸ்கொயர் ராடு, சுற்றிலும் ஃபிளாட் சட்டம், வளையாமல் இருக்க நடுவில் ஒரே ஒரு குறுக்குப் பட்டை. இந்த ஜன்னலுக்கு அது போதும். நெட்டுக் கம்பியில் வெளிச்சம் அப்படியொன்றும் குறையாது என்று கணவரிடம் சொல்லலாம்.

அடுத்தது பிடிமானம். கிரில்லை யுபிவிசி ஃபிரேமில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தக் கூடாது. அந்த ஃபிரேம் கண்ணாடியைத் தாங்கச் செய்தது. சுவரில்தான் மாட்ட வேண்டும். பூச்சே 15 முதல் 20 மி.மீ. கனம் இருக்கும், அதற்குள் பிடிமானம் இல்லை. பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் குறைந்தது 50 மி.மீ. இறங்கும்படி 10 மி.மீ. ஆங்கர் போல்ட் கேளுங்கள். 4 அடி உயரத்துக்குப் பக்கத்துக்கு 3, மேலும் கீழும் தலா 3. சுவர் விளிம்பிலிருந்து இரண்டரை இன்ச்சாவது உள்ளே தள்ளித் துளை போட வேண்டும். ஓரமாகப் போட்டால் போல்ட்டை இறுக்கும்போதே செங்கல் மூலை பிளக்கும். வேலைக்காரர் அதைப் பட்டி பூசி மறைத்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே வராது. எனவே இறுக்கும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள்.

புதிய ஃபிளாட்டுகளில் சுவர் பெரும்பாலும் செங்கல்லாக இருப்பதில்லை. துளை போடும்போது வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூள் கொட்டினால் அது ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமென்ட் கல். விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் அதில் நிற்காது. விரியும்போது பிளாக்கையே நொறுக்கிவிடும். கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டு ஒட்டவைக்கும் போல்ட்), அல்லது அந்த பிளாக்குக்கென்றே விற்கும் நீள நைலான் பிளக் வேண்டும். கெமிக்கல் என்றால் துளைக்குள் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த பிறகே பசையை விட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான். தூளில் ஒட்டிய பசை தூளோடு சேர்ந்து வந்துவிடும்.

மாட்டி முடித்ததும் வெளிப்பக்கம் தள்ளிப் பார்க்காதீர்கள். உள்ளே நின்று இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு உள்பக்கம் இழுங்கள். சட்டம் துளியும் அசையக் கூடாது.

கே: கிரில்லுக்குப் பதிலாக 'இன்விசிபிள் கிரில்' போடச் சொல்கிறார்கள். மெல்லிய கம்பிதானே, குழந்தை பாரத்தைத் தாங்குமா?
— வாசகர், கோவை

ப: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைகளை முறுக்கி, மேலே நைலான் உறை போட்ட கம்பி அது. கம்பி அறுந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. பலவீனம் வேறு இரண்டு இடத்தில்: மேலும் கீழும் கம்பியைப் பிடித்திருக்கும் அலுமினிய டிராக், பிறகு கம்பியின் இழுவிசை. டிராக்கை அரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் சுவரில் இறுக்கியிருக்க வேண்டும். மேலே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் டிராக் ஜிப்சம் பலகையில் அல்ல, அதற்கு மேலே உள்ள கான்கிரீட்டில் நிற்க வேண்டும்.

கம்பிக்குக் கம்பி 2 இன்ச் விடுவார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் கம்பி வளையும். நடு உயரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கம்பி இரண்டையும் கையால் விலக்கிப் பாருங்கள். உங்கள் பலத்துக்கு 4 இன்ச்சுக்கு மேல் விலகினால் இழுவிசை போதாது, அல்லது உயரம் அதிகம். உயரமான பால்கனிக்கு நடுவில் ஒரு குறுக்குப் பிடிப்பு கேட்டு வாங்குங்கள். போட்ட அன்று விறைப்பாக இருப்பது நாளடைவில் தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, தளர்ந்ததை இறுக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சர்வீஸ் விலையில் அடக்கமா என்று பில் போடும்போதே கேட்டுவிடுங்கள். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் படுக்கையறை ஜன்னலுக்கு எங்கள் ஓட்டு இரும்பு கிரில்லுக்குத்தான். முகப்பை மாற்றக் கூடாது என்று ஃபிளாட் சங்கம் தடுக்கும் பால்கனிக்கு இன்விசிபிள் கிரில் நல்ல வழி.

கே: கும்பகோணத்தில் மாமனார் வீடு. பழைய மரச்சட்ட ஜன்னல், உருட்டுக் கம்பி. இடைவெளி 5 இன்ச். விடுமுறைக்குப் போனபோது மகள் தலையை விட்டு மாட்டிக்கொண்டாள். எப்படியோ எடுத்தோம். கம்பி மாற்ற வேண்டுமா?
— வாசகி, திருச்சி

ப: மாற்ற வேண்டாம், நடுவில் ஒன்று சேருங்கள். சட்டத்தைப் பிரித்து இடைக்கம்பி செருகுவது பழைய மரத்துக்கு நல்லதில்லை, பிளந்துவிடும். ஜன்னல் அளவுக்கு ஃபிளாட் சட்டம் அடித்து, ஏற்கெனவே உள்ள கம்பிகளுக்கு நடுநடுவே வரும்படி கம்பிகளை வெல்டு செய்து, உள்பக்கம் மரச்சட்டத்தில் 2 இன்ச் ஸ்க்ரூவால் மாட்டினால் இடைவெளி இரண்டரை இன்ச்சுக்கும் கீழே வந்துவிடும். ஸ்க்ரூ போடும் முன் மரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். செல்லரித்த இடத்தில் முனை சுலபமாக இறங்கும்.

மறுபடி மாட்டினால் இழுக்காதீர்கள். இழுத்தால் காது மடங்கி இன்னும் இறுகும். ஒருவர் குழந்தையின் பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காதைச் சுற்றி சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ தடவி, காதை முகத்தோடு ஒட்டி மடித்து, தலை நுழைந்த அதே கோணத்துக்குத் திருப்பிப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். வரவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடியுங்கள்.

கே: எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டாயிற்று. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது என்று இப்போது பயம்.
— வாசகர், ஆவடி

ப: நியாயமான பயம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலில், பெரியவர் ஒருவர் நுழையும்படி 2 அடிக்கு இரண்டரை அடி அளவில் ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கும் கதவாக மாற்றச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம், அதில் பூட்டு. சாவி அதே அறையில், ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரத்தில், 5 அடி உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். பீரோவுக்குள் வைத்த சாவியைப் புகையில் தேட முடியாது. தீபாவளி, பொங்கல் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது பூட்டைத் திறந்து எண்ணெய் விடுங்கள். திறக்காத பூட்டு இரண்டு மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும். தரைக்கு எட்டாத மாடி என்றால், எந்த ஜன்னல் சன்ஷேடு அல்லது பக்கத்து மொட்டை மாடி பக்கம் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

கே: வாடகை வீடு. சுவரில் துளை போடக் கூடாது என்கிறார் ஓனர்.
— வாசகி, வேளச்சேரி

ப: நியூயார்க் நகரில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை வசிக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு உரிமையாளரே ஜன்னல் தடுப்பு போட்டுத் தர வேண்டும் என்று 1976 முதல் விதி இருக்கிறது. வேளச்சேரியில் அதைச் சொல்லி வாதாட முடியாது. காலி செய்யும்போது துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.

அதுவரை, ஸ்லைடிங் ஜன்னல் என்றால் டிராக்கில் கவ்வும் சாவி வைத்த ஸ்டாப்பர் வாங்கி, 4 இன்ச்சுக்கு மேல் திறக்காதபடி மேல் டிராக்கில் மாட்டுங்கள். கீழ் டிராக்கில் மாட்டினால் குழந்தை கைக்கு எட்டும். இரண்டு கண்ணாடி ஷட்டரும் நகரும் என்பதை மறந்து ஒரு பக்கம் மட்டும் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டிராக்கில் துடைப்பக் குச்சி போடுவது வேண்டாம். அதை எடுத்து விளையாடுவார்கள்.

ஜன்னலிலிருந்து 3 அடிக்குள் சோபா, கட்டில், மோடா, பொம்மைப் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னல் திண்டு தரையிலிருந்து 3 அடி இருக்கலாம், ஆனால் ஒன்றரை அடிக் கட்டில் அதையொட்டிக் கிடந்தால் குழந்தைக்கு அது ஒன்றரை அடிதான். பால்கனியில் வாஷிங் மெஷினும் பூந்தொட்டியும் இதே கணக்கு. பிளாஸ்டிக் நாற்காலியைக் குழந்தையே இழுத்துப் போட்டுக்கொள்ளும், அதை அறைக்கு வெளியே எடுங்கள்.

கே: கடற்கரைக்கு அரை கிலோமீட்டரில் வீடு. பெட்டி கிரில்லில் துரு. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாமா? காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்எஸ் என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

ப: அந்தக் காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சீக்கிரம் துருப்பிடிக்கும் 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, 304, 316 இரண்டிலும் ஒட்டாது. கடலோரத்துக்கு 316 கேளுங்கள், பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். வெல்டு செய்த இடத்தைச் சுத்தம் செய்து பாலிஷ் போடாவிட்டால் 316-லும் அங்கே பழுப்பு நிறம் வரும்.

பழைய கிரில்லில் பார்க்க வேண்டியது அடிப்பகுதி வெல்டு, மழைத் தண்ணீர் தேங்கும் இடம். பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தக் கம்பியை வெட்டி மாற்றித்தான் ஆக வேண்டும், ரெட் ஆக்சைடு (துருத்தடுப்பு பெயின்ட்) அடித்து மூடக் கூடாது. வெளியே நீட்டிய பெட்டி கிரில்லில் குழந்தையை உட்கார வைத்துச் சோறு ஊட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கே: ரோலர் பிளைண்டு கயிறு ஆபத்தா?
— வாசகி, மதுரை

ப: ஆமாம். வளையமாகத் தொங்கும் கயிறும் மணிச்சரமும் கழுத்தில் சிக்கும். அதைக் கீழே தொங்க விடாமல் விறைப்பாக இழுத்துச் சுவரோடு பிடிக்கும் கிளிப் போடுங்கள்; தனித்தனிக் கயிறு என்றால் 5 அடி உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் அந்தச் சுவரோரம் போடாதீர்கள். புதிதாக வாங்குவதானால் கயிறே இல்லாத மாடலை வாங்குங்கள்.