குற்றியோ, மகனோ? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிக்கிறேன். ஓர் எடுப்பு உண்மையாக இருக்க வேண்டும், இல்லையேல் பொய்யாக இருக்க வேண்டும், நடுவில் மூன்றாவது நிலை இல்லை என்று எமக்குக் கற்பிக்கிறார்கள். பௌதிகவியல் படிக்கும் என் தோழியோ, இலத்திரன் ஒரே வேளையில் இரண்டு வழிகளாலும் போகும் என்கிறாள். அப்படியானால் விலக்கிய நடு விதி பிழையா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: விதி பிழையில்லை. ஆனால் உங்கள் கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியும் அல்ல. கடந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த மூளைகள் சில இதே இடத்தில் தயங்கி நின்றிருக்கின்றன.

முதலில் தோழியின் கூற்றைச் சற்றுத் திருத்திக்கொள்வோம். இரண்டு பிளவுகள் உள்ள ஒரு தடையின் ஊடாக இலத்திரன்களைத் திரைக்கு அனுப்பும் பரிசோதனையையே அவள் சொல்கிறாள். எந்த வழியால் போனது என்று கருவி வைத்துப் பார்த்தால், இலத்திரன் எப்போதும் ஏதேனும் ஒரு வழியில் மட்டுமே அகப்படும். இரண்டிலும் ஒருசேர அகப்பட்டதே இல்லை. பாராமல் விட்டால் திரையில் தலையீட்டுக் கோலம், அதாவது இரண்டு அலைகள் கலக்கும்போது தோன்றும் வரிவரியான கோலம், விழுகிறது. ஒரு வழியால் மட்டும் போயிருந்தால் அந்தக் கோலம் விழ நியாயமில்லை. இரண்டு வழிகளும் கலந்த ஒரு நிலையைத்தான் குவாண்டம் கொள்கையின், அதாவது இலத்திரன் போன்ற நுண்துணிக்கைகளை விளக்கும் பௌதிகவியலின், கணிதம் எழுதிக் காட்டுகிறது. 'இரண்டாலும் போனது' என்பது அந்தக் கணிதத்துக்கு நாம் கொடுக்கும் பேச்சுவழக்கு மட்டுமே.

இதை ஒளியைக் கொண்டு நீங்களே கண்ணால் பார்க்கலாம். பழுதாகிக் கழித்த கல்குலேற்றரின் திரையில் ஒரு மெல்லிய கருந்தாள் ஒட்டப்பட்டிருக்கும். அது ஒளியை முனைவாக்கும் தாள்; அதாவது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே கடக்கவிடும் தாள். நான் அவ்வாறு மூன்று துண்டுகளை உரித்து எடுத்து, பசையைத் துடைத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் துண்டை நிலைக்குத்தாகவும் அடுத்ததைக் கிடையாகவும் பிடித்தபோது வெளிச்சம் அடைபட்டு இருண்டுபோனது. அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாம் துண்டை 45 பாகை சரித்துச் செருகினேன். இருட்டாக இருந்த இடம் மங்கலாக வெளுத்தது. தடைக்கு மேல் தடை வைத்தால் ஒளி குறையும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். தாள்கள் குறைவற்றவையாக இருந்தால், முதல் தாளைக் கடந்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு வெளியே வந்துவிடும்.

ஒளியை அலை என்று கொண்டால் இதில் புதிர் எதுவும் இல்லை. ஒளியின் மிகச் சிறிய துணிக்கையான போட்டனை ஒவ்வொன்றாக அனுப்பி எண்ணினாலும் இதே பங்கு கிடைப்பதுதான் புதிர். 45 பாகைத் தாளைக் கடந்துவிட்ட ஒரு போட்டனைப் பற்றி, 'அது நிலைக்குத்தானதா, கிடையானதா?' என்று கேட்டால், கிடையான தாள் ஒன்றை முன்னால் வைத்து அதைச் சோதிக்கும் வரையில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

பேர்க்கோவ், வொன் நொய்மன் என்ற இரு கணித அறிஞர்கள் 1936இல் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 'மாமா வந்தார், பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்தார்' என்பது உண்மையானால், 'மாமா பஸ்ஸில் வந்தார், அல்லது மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார்' என்று பிரித்துச் சொல்லலாம். அன்றாட அளவையியல் இதை அனுமதிக்கிறது. போட்டனிலோ, '45 பாகையில் கடந்தது. நிலைக்குத்தோ கிடையோ' என்பதை இப்படிப் பிரிக்க முடியாது. 45 பாகையும் நிலைக்குத்தும் ஒன்றாகப் பொருந்தும் நிலை எதுவும் கிடையாது. ஆகவே இந்தப் பங்கீட்டு விதியைக் கைவிட்ட வேறோர் அளவையியலை அவர்கள் முன்வைத்தார்கள். கவனியுங்கள்: அவர்கள் கைவைத்தது பங்கீட்டு விதியில், நீங்கள் கேட்ட விதியில் அல்ல. உண்மை, பொய் என்பவற்றோடு மூன்றாவது பெறுமானம் ஒன்றைச் சேர்க்கலாம் என்று 1944இல் முன்மொழிந்தவர் ரைக்கன்பாக் என்ற மெய்யியலாளர். அளவையியலும் பரிசோதனையால் திருத்தப்படக்கூடியதே என்று 1968இல் வலுவாக வாதிட்ட மெய்யியலாளர் ஹிலரி பட்னம், பின்னாளில் தாமே அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார்.

எனக்குச் சரியென்று படுவதைச் சொல்கிறேன். அந்த மாற்று அளவையியலுக்கான நிறுவல்களைக்கூட அந்த அறிஞர்கள் நீங்கள் படிக்கும் பழைய அளவையியலைக் கொண்டுதான் எழுதினார்கள். ஆட்டம் கண்டது அளவையியலுக்கு முன்னால் நாம் சத்தமில்லாமல் வைத்திருந்த வேறொரு நம்பிக்கை: கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் விடை முன்கூட்டியே எங்கோ கிடக்கிறது என்பது.

கேள்வி: மாலைக் கருக்கலில் தூரத்தே நிற்பது மரக்குற்றியா மனிதனா என்று மயங்குகிறோம். மயக்கம் நம்முடையது, அங்கே நிற்பது ஏதோ ஒன்றுதான். குவாண்டம் ஐயமும் அத்தகையதே என்று ஏன் கொள்ளக்கூடாது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெடுங்கேணி

பதில்: ஐயா, நீங்கள் எடுத்த உவமை நம்மிடம் மிகப் பழையது. தொல்காப்பிய உரைகாரர் ஐயக் கிளவிக்குக் காட்டும் உதாரணமும் இதுவே. மணிமேகலையில் ஐயத்துக்கு இலக்கணம் சொல்லுமிடத்திலும் 'தறியோ மகனோ' என்றே வருகிறது. காவற்கொட்டிலில் இரவு தங்கிய எவருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு தைமாத இரவில், வாய்க்கால் ஓரம் நின்ற கருமையை யானை என்று எண்ணி, ரோச் வெளிச்சத்தை அடிக்கவும் அஞ்சி அரைமணி நேரம் மூச்சடக்கி இருந்திருக்கிறேன். விடிந்தபோது அது எரிந்து நின்ற வீரைக்குற்றி. நான் அஞ்சிய அந்த அரைமணி நேரமும் அது குற்றியாகவே நின்றது.

அயின்ஸ்டைன் விரும்பியதும் ஏறத்தாழ இதுதான். பொடொல்ஸ்கி, ரோசன் ஆகிய இருவருடன் 1935இல் எழுதிய கட்டுரையில், குவாண்டம் கொள்கை தவறு என்று அவர் சொல்லவில்லை. அது முழுமையற்றது, அது சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று பொருளில் இருக்கிறது என்றே வாதிட்டார். நீல்ஸ் போர் என்ற பௌதிகவியலாளர் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். இது தீர்க்க முடியாத மெய்யியல் பிணக்கு என்றே பலர் கருதி விட்டுவிட்டார்கள். 1964இல் வட அயர்லாந்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஜோன் பெல், இதைப் பரிசோதனைச்சாலையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம் என்று காட்டினார். அவருடைய வாதத்தின் எளிய வடிவம் ஒன்றைச் சொல்கிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரே மூலத்திலிருந்து ஒன்றாகப் பிறந்து பிணைந்த இரண்டு போட்டன்களை எதிரெதிர்த் திசைகளில் அனுப்புகிறோம். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம்: 0 பாகைத் தாளைக் கடப்பாயா, 60 பாகையையா, 120 பாகையையா? விடை ஆம் அல்லது இல்லை. இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால், எத்தனை தரம் கேட்டாலும் இரண்டும் ஒரே விடையையே தருகின்றன. இதற்கு உடனே தோன்றும் விளக்கம் உங்களுடையது: மூன்று கேள்விகளுக்குமான விடைகளை இரண்டும் புறப்படும்போதே கையில் கொண்டு போகின்றன; குற்றி குற்றியாகவே நிற்கிறது.

அப்படியே இருக்கட்டும். கேள்விகள் மூன்று, விடைகளோ இரண்டு வகை. மூன்று மாடுகளுக்குக் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்கள் என்றால், குறைந்தது இரண்டு மாடுகளாவது ஒரே நிறமாக இருந்தே தீரும். ஆகவே விடைகள் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், கேள்விகளைச் சோடி சேர்த்தால் வரும் மூன்று சோடிகளில் ஒரு சோடிக்காவது விடை ஒன்றாகவே இருக்கும். இரண்டு போட்டன்களிடமும் வெவ்வேறு கேள்விகளை எழுமாறாகக் கேட்டுக்கொண்டே போனால், விடைகள் ஒத்துப்போகும் வீதம் மூன்றில் ஒன்றுக்குக் குறைய வழியே இல்லை. குவாண்டம் கொள்கை சொல்லும் வீதமோ நான்கில் ஒன்று.

உலகம் நான்கில் ஒன்றின் பக்கமே நின்றது. 'இதற்குக் குறைய முடியாது' என்பது போல வரம்பிடும் இப்படிப்பட்ட சமனிலிகளை முதலில் 1972இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் கிளவுசர் சோதித்தார். 1982இல் பிரான்சில் அலன் அஸ்பே மேலும் கண்டிப்பாகச் சோதித்தார். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் 1.3 கிலோமீற்றர் இடைவெளியில் நடந்த பரிசோதனை, அந்த முடிவை மறுக்க எஞ்சியிருந்த முக்கியமான ஓட்டைகளையும் ஒருசேர அடைத்தது. கிளவுசர், அஸ்பே, இத்துறையில் பரிசோதனைகள் செய்த சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே, ஐயா, குற்றியின் உவமை இங்கே உடைகிறது. ஒரு கதவு மட்டும் இன்னும் திறந்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். விடைகள் முன்பே உண்டு, ஆனால் இங்கே கேட்கும் கேள்வி தொலைவிலுள்ள துணையையும் அந்தக் கணமே பாதிக்கிறது என்று கொண்டால் கணக்குப் பொருந்தும். 1952இல் டேவிட் போம் அமைத்த கொள்கை அந்த வழியில் செல்கிறது. நெடுங்கேணியில் ஒருவர் ரோச் அடித்ததால் மன்னாரில் நிற்கும் குற்றி மனிதனாகும் என்பதைப் போன்றது அது. அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கொடுக்கத் துணிந்தவர்கள் மூடர்களும் அல்லர்.

கேள்வி: பார்ப்பவன் இல்லாவிட்டால் பொருளே இல்லை என்று விஞ்ஞானம் நிறுவிவிட்டதாகவும், இதை நம் ஞானிகள் அன்றே சொல்லிவிட்டதாகவும் கோயில் திருவிழாவில் ஒருவர் பேசினார். உண்மையா?
– வாசகர், மாங்குளம்

பதில்: இல்லை. குவாண்டம் பௌதிகவியலில் 'பார்த்தல்' என்பது ஒரு கருவியோடு ஏற்படும் தாக்கம். அங்கே மனிதக் கண் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. யாருமற்ற அறையில் கருவி பதிந்து வைத்தாலும் விளைவு அதுவேதான். சைவ சித்தாந்தத்தையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம். உலகை வெறுந்தோற்றம் என்று தள்ளாமல் உள்பொருள் என்று கொள்வது சித்தாந்தம். மாயையைக்கூட அது உள்பொருளாகவே கொள்கிறது. சிவஞான சித்தியார் அளவையைப் பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்குவதும், எதைக் கொண்டு எதை அறிகிறோம் என்பதைத் தெளிவாக்கிய பின்னரே மேலே செல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நூலுக்கு நோபெல் பரிசின் சான்று தேவையில்லை.

கேள்வி: எங்கள் காணியில் ஒருவர் வேப்பங்கவையைப் பிடித்துக்கொண்டு நடந்து, நீரோட்டம் இருக்கிறது என்று ஓரிடத்தைக் காட்டினார். வெட்டினோம், நல்ல தண்ணீர் வந்தது. அவருக்கு அது தெரிந்திருந்தது என்றுதானே சொல்ல வேண்டும்?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: தண்ணீர் வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் சொன்னது மெய்யானதால் மட்டும் அதை அறிவு என்று சொல்லிவிட முடியாது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த அறிஞர் தர்மோத்தரர் ஓர் உதாரணம் தருகிறார். இறைச்சி சுட நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். புகை இன்னும் எழவில்லை. இறைச்சியின் மணத்துக்குப் பூச்சிகள் மேலே திரண்டு மொய்க்கின்றன. தூரத்தே நிற்பவன் பூச்சித் திரளைப் புகையென்று எண்ணி, 'அங்கே நெருப்பு' என்கிறான். நெருப்பு இருக்கிறது. ஆனாலும் அவன் அதை அறிந்தான் என்று நாம் சொல்வதில்லை. சேனை எரிக்கும் காலத்தில் நாமும் இப்படி ஏமாந்திருப்போம். 1963இல் எட்மண்ட் கெற்றியர் எழுதிய மிகச் சிறிய கட்டுரை ஒன்று, இதே வகை உதாரணங்களால் மேலைநாட்டு அறிவாராய்ச்சியைத் திணறவைத்தது.

உங்கள் கிணற்றில் போட்டனின் சிக்கல் இல்லை. கவை அசைவதற்கு முன்பும் தண்ணீர் அங்கேதான் இருந்தது. ஆகவே அவருக்கு அது தெரிந்ததா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அவர் காட்டிய இடத்திலிருந்து இருபது முழம் தள்ளி வெட்டியிருந்தால் தண்ணீர் வந்திருக்காதா என்று யோசியுங்கள். அயலில் அவர் காட்டி வெட்டிய கிணறுகள் எத்தனை, அவற்றில் ஆவணியில் வற்றியவை எத்தனை, யாரும் காட்டாமல் தாமாகவே வெட்டி நீர் கண்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். இரண்டு போகம் கழித்து அந்தக் கணக்கை எமக்கு அனுப்பி வையுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.