பயண டிரெய்லரில் வீட்டுத் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தலாமா?

அமெரிக்காவில் வாங்கிய தங்கள் பயண டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு), குமிழைத் தள்ளி இயக்கும் பழைய தெர்மோஸ்டாட்டுக்குப் (அறை வெப்பத்துக்கேற்ப ஹீட்டரை இயக்கி நிறுத்தும் கருவி) பதிலாக வீட்டுக்கான டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவரிலிருந்து இரண்டே கம்பிகள் வந்து, அவை எரிவாயு ஹீட்டரை மட்டும் இயக்குமானால் தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் சொந்த பேட்டரியில் இயங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்நாட்டு வீடுகளில் தெர்மோஸ்டாட்டின் மின்சுற்று பெரும்பாலும் 24 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் இயங்க, டிரெய்லரிலோ 12 வோல்ட் நேர்மின்னோட்டமே உண்டு. ஆகவே அந்த 24 வோல்ட்டை நம்பியிருக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகள் பல டிரெய்லரில் உயிர்பெறுவதே இல்லை.

பழைய கருவியிலுள்ள ஈருலோகப் பட்டை (வெப்பம் மாறும்போது வளையும், இரு உலோகங்கள் ஒட்டிய தகடு) மெதுவாக வளைந்து மின்தொடர்பைத் தொடுவதால், அறை நன்கு குளிர்ந்த பிறகே ஹீட்டர் எரியத் தொடங்கி, வியர்க்கும் வரை ஓடும். டிஜிட்டலில் இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும்.

ஏர்கண்டிஷனரையும் அதே கருவி இயக்கினால் கதை வேறு. பின்புறம் தொலைபேசிக் கம்பி போன்ற தட்டையான கேபிள் இருந்தால், அது பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பலகையோடு டிஜிட்டல் சமிக்ஞை வழியே தொடர்பு கொள்ளும் வகை. அதற்கென்றே செய்த மாற்றுக் கருவியைத் தவிர வேறெதுவும் உதவாது. தனித்தனிக் கம்பிகளாக இருந்தால், நிறத்தை நம்பாமல் (டிரெய்லர்களில் நிறத்துக்குப் பொது ஒழுங்கு இல்லை), எது எந்த முனையில் இருந்தது என்று படமெடுத்துக்கொண்டு, வெளி மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்த பின்னரே கழற்றுங்கள்.