மான்டூ 7-ஆ 14-ஆ என்பது இருக்கட்டும், அப்பாவின் காய்ச்சலை முதலில் சொல்லுங்கள்

அப்பாவின் காசநோய் டெஸ்ட் ஒருமுறை 7, ஒருமுறை 14 என்று பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். காசநோய் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கிற கிருமியை மூச்சில் இழுத்தால்தான் பரவும். மான்டூ டெஸ்ட், அதாவது முன்கைத் தோலில் ஊசி போட்டு அங்கே வரும் தடிப்பை அளக்கிற டெஸ்ட், பாசிட்டிவ் என்றால் என்றைக்கோ உள்ளே போன கிருமியை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உலகத்தில் சுமார் நான்கில் ஒருவருக்கு அப்படி உள்ளே போயிருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் இல்லாமல் கிருமி மட்டும் உறங்கிக்கிடக்கிறவரிடமிருந்து உங்கள் மூன்று மாதக் குழந்தைக்கு எதுவும் தொற்றாது. அப்பா அந்த நிலையில்தான் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி, அதை மான்டூ சொல்லாது.

முடக்குவாதத்துக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற அடாலிமுமாப் ஊசி தொடங்கும் முன் எடுத்த டெஸ்டில் 7 மில்லிமீட்டர். '10-க்குக் கீழே நெகட்டிவ்' என்று இணையத்தில் படித்துவிட்டு நீங்களே பத்து நாள் கழித்து வேறு லேபில் எடுக்க, 14. நோய் இரண்டு மடங்காகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. கிருமி உள்ளே போய்ப் பல வருஷம் ஆனவர்களுக்கு அந்த நினைவு மங்கியிருக்கும், முதல் டெஸ்ட் ஊசி அதைத் தட்டி எழுப்பும், சில வாரத்துக்குள் இன்னொன்று போட்டால் தடிப்பு பெரிதாக வரும். அதோடு 10 என்பது எல்லோருக்குமான அளவு இல்லை. அப்பாவைப் போல மாதக்கணக்கில் தினம் 20 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு 5 மில்லிமீட்டரே பாசிட்டிவ். முதல் டெஸ்டே போதும், இரண்டாவதைப் போட்டிருக்கவே வேண்டாம்.

அரிப்பு, சிவப்பு, குளிக்கும்போது தண்ணீர் பட்டது, எதுவும் பொருட்டில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் தெரிவது சிவப்பு, அதை யாரும் அளப்பதில்லை. ஊசி போட்ட 48 மணியிலிருந்து 72 மணிக்குள், விரல் நுனியால் தடவி, மேடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனாவால் கோடு போட்டு, முன்கையின் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் 58 வயதில் இப்படித் தடிப்பது அபூர்வம். சரி, டெஸ்ட் நெகட்டிவ் என்றே வந்திருந்தாலும் நான் நிம்மதி அடைந்திருக்க மாட்டேன். ஸ்டீராய்டு எடுப்பவர், டயாலிசிஸில் இருப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், உடல் தேய்ந்தவர் போன்றவர்களின் தோல் பல நேரம் பதிலே சொல்லாது, உள்ளே நோயே இருந்தாலும்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். மூன்று வாரமாகச் சாயங்காலம் லேசான காய்ச்சல், பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது, மெடிக்கலில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கி ஐந்து நாள் கொடுத்தோம், கொஞ்சம் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது இது! பிரட்னிசோலோன் காய்ச்சலை அமுக்கும், எடையைப் பெரும்பாலும் ஏற்றும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது, உடம்பு இளைக்கிறது என்றால், இருமல் இல்லாவிட்டாலும் காசநோய் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்.

லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும் மருந்து. ஐந்து நாள் கொடுத்தால் காய்ச்சல் தணியும், சளியில் கிருமி அகப்படாமல் போகும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு வைத்திருக்கிற மருந்து அது, அதற்கும் கிருமி பழகிவிடலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்தவர் மீது எனக்குக் கோபம்தான். வாங்கியது நீங்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாளையே மூட்டு மருத்துவரிடம் காய்ச்சல், எடை, அந்த ஐந்து நாள் மருந்து மூன்றையும் சொல்லுங்கள். இந்த வாரமே நெஞ்சு எக்ஸ்ரே, சளி வந்தால் அதில் கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் கழுத்து நெறியில், வயிற்றில், முதுகெலும்பில் ஒளிந்திருக்கலாம். மூட்டு மருத்துவர் எழுதித் தந்த ஐசோனியாசிட் மாத்திரையை, நோய் இல்லை என்று உறுதியாகும்வரை தொடங்க வேண்டாம். அது உறங்கும் கிருமிக்கான ஒற்றை மருந்து, நோயாகவே ஆகியிருந்தால் நான்கு மருந்து வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்கு மசியாமல் போய்விடும். பயந்துபோய் பிரட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம், ஆபத்து.

எக்ஸ்ரே முடிவு வரும்வரை குழந்தை மட்டும் வேறு அறையில் தூங்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். நுரையீரலில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதும் பேரனை அவர் மடியில் கொடுங்கள், பாவம் அந்த மனிதர்.

எங்கேயும் நோய் இல்லை என்று உறுதியானால் அந்த ஐசோனியாசிட் தடுப்பு மாத்திரையைத் தொடங்கலாம். வழக்கமாக ஒரு மாதமாவது அது ஓடிய பிறகுதான் அடாலிமுமாப். மாத்திரை ஓடும்போது பசி அறவே போனாலோ, வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்கு வாருங்கள்.