20ஆம் தேதியே தீர்ந்துபோகும் அன்லிமிடெட்

கேள்வி: வீட்டுக்கு ஏர்ஃபைபர் நெட் போட்டோம். போட வந்தவர், "அன்லிமிடெட் அக்கா, இஷ்டத்துக்குப் பாருங்க" என்றார். மாதாமாதம் 20ஆம் தேதிக்கு மேல் சீரியல் ஓடுவதில்லை, வட்டம்தான் சுற்றுகிறது.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அந்த ஒரு வார்த்தையை விற்பனைக்காரர்கள் வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 'அளவு சாப்பாடு' என்று போர்டு மாட்டும் ஓட்டல்காரர் யோக்கியர். இவர்களோ 'முழுச் சாப்பாடு' என்று எழுதிவிட்டு, மூன்றாம் கரண்டிக்குப் பிறகு பருக்கை பருக்கையாகப் போடுகிறார்கள்.

அன்லிமிடெட் பக்கத்தில் கொசு சைஸில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அதன் விளக்கத்தில் ஒளிந்திருப்பதுதான் எஃப்யூபி, அதாவது முழு வேகத்துக்கான மாத வரம்பு. வயரில் வரும் ஃபைபரில் பல திட்டங்களுக்கு 3,300 ஜிபி, காற்றில் சிக்னலாக வரும் ஏர்ஃபைபரில் பெரும்பாலும் 1,000 ஜிபி. அதற்குமேல் நெட் நிற்காது, நடக்கும். சிலவற்றில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, வாட்ஸ்அப் போட்டோ திறப்பதற்குள் காபி ஆறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 1,000 ஜிபி என்றால் நாளுக்கு 33. நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு, மணிக்கு எச்டியில் 3 ஜிபி வரை, அதைவிடத் துல்லியமான 4கேயில் 7 ஜிபி வரை. ஹாலில் 4கே டிவி நாலு மணி நேரம் ஓடினால் 28 போச்சு. பிள்ளைகளின் செல்போன், வீட்டுக்காரரின் ஆபீஸ் லேப்டாப் எல்லாம் மிச்சமுள்ள 5 ஜிபியில் அடங்குமா?

வரம்பு எவ்வளவு, தாண்டினால் என்ன வேகம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், 50, 90, 100 சதவீதம் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016லேயே உத்தரவிட்டது. உங்களுக்கு வந்ததா? இணைப்பு யார் நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். யாரும் பார்க்காத பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கலாம். டிவி ஆப்பில் 4கேயை எச்டிக்கு இறக்குங்கள். சீரியலில் அழுகிறவரின் கண்ணீர் எச்டியிலும் தெரியும்.

கேள்வி: 32 இன்ச்சை மாற்றி 55 இன்ச் வாங்கினால் டேட்டா அதிகம் ஆகுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: இன்ச் குடிக்காது, குவாலிட்டிதான் குடிக்கும்.

கேள்வி: டிவியை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். விடிவதற்குள் 15 ஜிபி போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம்.
(வாசகர், தாம்பரம்)

பதில்: சண்டைக்குப் போகாதீர்கள். டிவிக்குப் பின்னால் சொருகிய ஸ்டிக்கோ பாக்ஸோ இருக்கிறதா? அதன் அடாப்டர் தனியாகச் சுவரில் இருந்தால், திரை அணைந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் ஆட்டோபிளே வேறு. ராத்திரி முழுக்க யாருமில்லாத ஹாலுக்குக் கச்சேரி. நானும் இதே விஷயத்தில் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனை ஒரு மாதம் முறைத்துத் திரிந்தேன். குற்றவாளி, தள்ளுபடியில் நான் வாங்கிய பாக்ஸ். ஆட்டோபிளேயை அணையுங்கள், சுவர் சுவிட்சையும் அணையுங்கள். வைஃபை பாஸ்வேர்டு இன்னும் உங்கள் செல் நம்பர்தான் என்றால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: தினம் 2 ஜிபி பேக். ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் ஐபிஎல் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. இது மோசடிதானே?
(வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. எச்டியில் 2 ஜிபி 40 நிமிடம்தான் வரும். பவர்பிளே முடிந்து ரெண்டு விக்கெட் விழுவதற்குள் காலி. பேக்கில் 2 ஜிபி என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருக்கிறது, நட்சத்திரம்கூட இல்லை. செல்போன் திரைக்கு அளந்த அரிசியில் பந்தி பரிமாறினால் யார் தவறு? ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லவில்லை, பேக்கின் பெயரையாவது படியுங்கள்.

கேள்வி: வைஃபை பூஸ்டர் வாங்கினால் டேட்டா மிச்சமாகுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆகாது. என்னுடையது பரணில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு ஓடிடி ஆப்பின் பெயரைச் சொல்லி, "இதில் எவ்வளவு பார்த்தாலும் டேட்டா குறையாது சார்" என்று நெட்டுக்கு ஓராண்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார் ஏஜென்ட். குறைகிறது. கேட்டால், ஆப்பின் சந்தா மட்டும்தான் இலவசமாம்.
(வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. ஒரு ஆப்புக்கு மட்டும் டேட்டா விலையில் சலுகை தருவதை டிராய் 2016 பிப்ரவரியிலேயே தடை செய்துவிட்டது. அவர் விற்றது இல்லாத சரக்கு. அவர் அனுப்பிய மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதீர்கள். நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். பதில் திருப்தியில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கேள்வி: கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்கு 4ஜி ரூட்டரும் ஸ்மார்ட் டிவியும் வாங்கித் தரலாமா? செய்தியும் பழைய பாட்டும்தான் பார்ப்பார்.
(வாசகர், கோவை)

பதில்: எதற்கு? தெருவில் அரசு கேபிள் இருந்தால் அதுவே போதும். அந்தப் பணத்தில் நல்ல ஈஸி சேர் வாங்கிக் கொடுங்கள்.